வால்வு ஹாம் ரேடியோவில் 'பயாஸ்' என்றால் என்ன? ஒரு சின்ன திருகு மாறினால் என்ன ஆகும்?

சுவிட்சைப் போட்டதும் பாடாது. அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். பெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்ல வெளிச்சம் ஏறும். அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். 60 வயதைத் தாண்டியவர்களிடம் 'வால்வு ரேடியோ' என்று சொன்னாலே இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

வீட்டு ரேடியோவிலிருந்து வால்வு விடைபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஹாம் ரேடியோ ஆர்வலர்களின் மேஜைகளில் அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய ஜப்பானிய செட்டுகளிலும், சக்தியைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர்களிலும் இன்றும் வால்வுதான் வேலை செய்கிறது.

இந்த வால்வு செட்டுகளில் ஒரு சின்ன திருகு இருக்கும். அதன் பெயர் 'பயாஸ்'. அதைச் சரியாக வைத்தால் குரல் தெளிவாகப் போகும், வால்வும் பல வருஷம் உழைக்கும். தப்பாக வைத்தால் பக்கத்து அலைவரிசையில் பேசுபவர்களின் காதைக் கிழிக்கும், இல்லையென்றால் வால்வே சிவந்து கருகிவிடும். கவனமில்லாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த பயாஸ் என்பது என்ன? ஏன் இவ்வளவு முக்கியம்? விரிவாகப் பார்ப்போம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

வியாபார நோக்கம் இல்லாமல், அரசு உரிமம் பெற்ற தனிநபர்கள் வானொலி அலைகள் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு செட், ஒரு ஆன்டெனா, கொஞ்சம் கரண்ட் இருந்தால் போதும். கோவையிலிருந்து கொல்கத்தாவுக்கும் பேசலாம், கண்டம் தாண்டியும் பேசலாம்.

இந்தியாவில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1921-ல் கொல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்து தொடங்கியதுதான் நாட்டின் முதல் ஹாம் நிலையம் என்று கருதப்படுகிறது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், செட்டுகளை போலீஸிடம் ஒப்படைக்கச் சொல்லி பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. போர் முடிந்த பிறகு, ராணுவம் கழித்துவிட்ட வானொலிக் கருவிகளும் வால்வுகளும் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பிரித்து எடுத்துத்தான் அந்தக் காலத்து ஹாம்கள் பலர் சொந்தமாக செட் கட்டினார்கள். '807' என்ற வால்வு அப்படித்தான் இந்திய ஹாம்களிடையே பிரபலமானது.

கொங்கு மண்ணுக்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு?

கோவை என்றதும் மோட்டார், பம்பு, மில், ஃபவுண்டரி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் வால்வு ரேடியோவுக்கும் இந்த ஊர் வரலாற்றில் ஒரு பக்கம் இருக்கிறது.

கோவையின் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபருமான ஜி.டி. நாயுடு, 1941-ல் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். ஐந்து வால்வு கொண்ட ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே தயாரிக்க முடியும் என்பதுதான் அது. வெளிநாட்டிலிருந்து வந்த ரேடியோ பெட்டி வசதியானவர்கள் வீட்டில் மட்டுமே இருந்த காலம் அது.

வால்வைப் பெரிய அளவில் இந்தியாவில் தயாரிக்கும் நாள் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1954-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1961-ல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் முத்திரை குத்திய வால்வுகளை இசைப் பிரியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயரின் இதயம் டிரான்ஸ்ஃபார்மர். நல்ல கம்பி, நல்ல ஸ்டாம்பிங் தகடு, கணக்குத் தெரிந்து காயில் சுற்றும் கை, இந்த மூன்றும் இருந்தால்தான் அது உருப்படியாக அமையும். மோட்டார் வைண்டிங்கே தொழிலாக வளர்ந்த கோவை வட்டாரத்தில் அந்தக் கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

வால்வுக்குள் என்ன நடக்கிறது?

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே முக்கியமாக மூன்று பாகங்கள் இருக்கும்.

கேத்தோடு: ஹீட்டர் இதைச் சூடாக்கும். சூடானதும் இதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். செட்டைப் போட்டதும் அரை நிமிஷம் காத்திருப்பது இந்தச் சூட்டுக்காகத்தான்.

பிளேட்: எதிரே இருக்கும் உலோகத் தகடு. இதற்கு நூற்றுக்கணக்கில், சில ஆம்ப்ளிஃபயர்களில் ஆயிரக்கணக்கில், பாசிட்டிவ் வோல்டேஜ் கொடுக்கப்படும். எலக்ட்ரான்களை இது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கிரிட்: இரண்டுக்கும் நடுவே இருக்கும் கம்பி வலை. இதுதான் மதகு ஷட்டர் மாதிரி. இதற்கு நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் எலக்ட்ரான்களைத் தள்ளி நிறுத்தும். நெகட்டிவ் குறைந்தால் வழி விடும்.

கீழ்பவானி வாய்க்காலில் ஷட்டரை ஒரு ஜாண் தூக்கினால் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது? தூக்குவது ஒரு ஆள், பாய்வது பல ஏக்கருக்கான தண்ணீர். வால்வும் அப்படித்தான். கிரிட்டில் வரும் சின்னக் குரல் சிக்னல், பிளேட்டில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஏற்றி இறக்குகிறது. சின்னது பெரிதாகிறது. இதுதான் ஆம்ப்ளிஃபிகேஷன்.

1904-ல் பிரிட்டனின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு பாகம் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவதாக கிரிட்டைச் சேர்த்தார். அந்தக் கம்பி வலையிலிருந்துதான் ரேடியோ, டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் வளர்ந்தன.

அப்படியென்றால் பயாஸ் என்பது என்ன?

பைக்கை சிக்னலில் நிறுத்தும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டாலும் இன்ஜின் 'டுபுடுபு' என்று ஓடிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி அந்த ஓட்டத்தை செட் செய்வார். அதை 'ஐட்லிங்' என்போம்.

வால்வின் ஐட்லிங் ஸ்க்ரூதான் பயாஸ். யாரும் பேசாதபோது, எந்த சிக்னலும் உள்ளே வராதபோது, வால்வு வழியாக எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். இந்த ஓட்டத்துக்கு 'ஐடில் கரண்ட்' என்று பெயர். கிரிட்டுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜைக் கூட்டியோ குறைத்தோ இதை அமைக்கிறார்கள்.

பேசாதபோது மின்னோட்டமே இல்லாமல் வைத்துவிட்டால் மிச்சம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். குரல் சிக்னல் மேலும் கீழும் ஆடும் அலை. ஷட்டரை முழுசாக அடைத்து வைத்தால், மேலே ஏறும் பாதி அலைதான் திறக்கும். கீழே இறங்கும் பாதிக்கு அடைப்பதற்கு ஒன்றுமே மிச்சம் இருக்காது. அந்தப் பாதி அப்படியே வெட்டுப்படும். அதோடு, அடைபட்ட நிலையிலிருந்து திறக்கும் இடத்தில் வால்வு ஒழுங்காக வேலை செய்யாது. அதனால்தான் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது.

பயாஸ் தப்பானால் என்ன ஆகும்?

ஐடில் கரண்ட் குறைவாக இருந்தால்: மெதுவாகப் பேசும் சொற்கள் விழுங்கப்படும், குரல் கரகரக்கும். இதைவிட மோசம், சிக்னல் தன் எல்லையைத் தாண்டி அகலமாகப் பரவும். ஹாம்கள் இதை 'ஸ்ப்ளாட்டர்' என்பார்கள். எஸ்.எஸ்.பி. முறையில் ஒருவர் பேச சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் இடம் போதும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் எனப்படும் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதி மொத்தமே 200 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் ஒருவர் 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவினால், மூன்று பேரின் இடத்தை ஒருவரே அடைத்துக்கொள்கிறார். பஸ் சீட்டில் ஒரு ஆள் மூன்று பேர் இடத்தில் படுத்துக்கொள்வது மாதிரி.

ஐடில் கரண்ட் அதிகமாக இருந்தால்: வால்வு சும்மா இருக்கும்போதே சூட்டில் வேகும். பிளேட் தாங்கக்கூடிய அளவைத் தாண்டினால் உலோகத் தகடே சிவக்கத் தொடங்கும். இதை 'ரெட் பிளேட்டிங்' என்பார்கள். அப்படியே விட்டால் வால்வு போய்விடும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: 3-500இசட் போன்ற சில பெரிய வால்வுகளில் பிளேட் மங்கலாகச் சிவப்பது இயல்பு. 6146 மாதிரி வால்வுகளில் சிவந்தால் அது அபாய அறிகுறி.

கிளாஸ் ஏ, ஏபி, பி, சி: எது எதற்கு?

ஐடில் கரண்ட்டை எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆம்ப்ளிஃபயரை வகை பிரிக்கிறார்கள்.

கிளாஸ் ஏ: ஷட்டர் பாதி திறந்தே இருக்கும். அலை முழுவதும் மின்னோட்டம் ஓடும். சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும்.

கிளாஸ் பி: கிட்டத்தட்ட அடைத்த நிலை. பாதி அலைக்கு மட்டும் மின்னோட்டம் ஓடும். மின்சாரம் மிச்சம், ஆனால் திறக்கும் இடத்தில் பிசிறு வரும்.

கிளாஸ் ஏபி: இரண்டுக்கும் நடுவில். குரலைச் சுமக்கும் எஸ்.எஸ்.பி. செட்டுகளில் இதுதான் வழக்கம். பயாஸை நுணுக்கமாக வைக்க வேண்டியதும் இங்கேதான்.

கிளாஸ் சி: நன்றாக அடைத்த நிலை. பாதி அலைக்கும் குறைவாகவே ஓடும். மோர்ஸ் தந்திக்கும் எஃப்.எம்.முக்கும் சரி. எஸ்.எஸ்.பி. குரலை இதில் விட்டால் அடையாளமே தெரியாது.

பயாஸ் கொடுக்கும் மூன்று வழிகள்

1. கேத்தோடு பயாஸ்: கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போடுவது. மின்னோட்டம் அதன் வழியாக ஓடும்போது கேத்தோடு சில வோல்ட் உயரும். கேத்தோடு பாசிட்டிவாக உயர்ந்தால், அதோடு ஒப்பிடும்போது கிரிட் நெகட்டிவ் ஆகிவிடும். தனி சப்ளையே வேண்டாம்.

பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய இ.எல்.84 வால்வை எடுத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி 250 வோல்ட்டில் பிளேட் கரண்ட் 48 மில்லி ஆம்ப், ஸ்கிரீன் கரண்ட் 5.5 மில்லி ஆம்ப். மொத்தம் 53.5 மில்லி ஆம்ப். இது 135 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓடினால் சுமார் 7.2 வோல்ட் விழும். அதுதான் பயாஸ்.

இதில் ஒரு நன்மை: மின்னோட்டம் கூடினால் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜும் கூடும், அது தானாகவே மின்னோட்டத்தை அடக்கும். குறை: கொஞ்சம் சக்தி அந்த ரெசிஸ்டரிலேயே வீணாகும். அதனால் பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்கு இது ஒத்துவராது.

2. ஃபிக்ஸட் பயாஸ்: தனியாக ஒரு நெகட்டிவ் சப்ளை வைத்து, ஒரு பாட் எனப்படும் திருகு மூலம் கிரிட்டுக்குக் கொடுப்பது. கென்வுட், யேசு நிறுவனங்களின் பழைய வால்வு டிரான்ஸ்சீவர்களில் இந்த முறைதான்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாட்டில் தூசி சேர்ந்து தொடர்பு விட்டுப்போனால், நெகட்டிவ் வோல்டேஜ் காணாமல் போகும். ஷட்டர் முழுசாகத் திறந்துகொள்ளும். சில நொடிகளில் வால்வு சிவந்துவிடும். அதனால் நல்ல வடிவமைப்பில், பாட் விட்டுப்போனாலும் முழு நெகட்டிவ் வோல்டேஜ் கிரிட்டுக்கு வரும்படி ஒரு கூடுதல் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள்.

3. ஜீனர் பயாஸ்: கிரிட்டை எர்த் செய்து, கேத்தோடு வழியாக சிக்னல் கொடுக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் இது அதிகம். கேத்தோடு வழியில் சில வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றை வைத்தால் மின்னோட்டம் எவ்வளவு ஏறினாலும் பயாஸ் கிட்டத்தட்ட மாறாது. எதிர்முனையில் பேசுவதைக் கேட்கும் நேரத்தில், ஒரு ரிலே மூலம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை நடுவே கொண்டுவந்து வால்வை முழுசாக அடைத்துவிடுவார்கள். சும்மா சூடாவதும் குறையும், ரிசீவரில் வரும் 'ஸ்ஸ்' இரைச்சலும் குறையும்.

'60 மில்லி ஆம்ப்' கணக்கு எங்கிருந்து வருகிறது?

உலகம் முழுக்க ஹாம்களுக்குப் பழக்கமான கென்வுட் டி.எஸ்.-520 செட்டைப் பார்ப்போம். கடைசிக் கட்டத்தில் 6146 குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வால்வுகள். பிளேட் வோல்டேஜ் சுமார் 800. ஐடில் கரண்ட் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 60 மில்லி ஆம்ப் வைக்கச் சொல்கிறது கையேடு.

800 வோல்ட் × 0.06 ஆம்ப் = 48 வாட். ஒரு வால்வுக்கு 24 வாட். 6146பி வால்வின் பிளேட் தொடர் உபயோகத்தில் 27 வாட் வரையும், விட்டுவிட்டு உபயோகித்தால் 35 வாட் வரையும் தாங்கும். ஆக, எல்லைக்குள் இருக்கிறது. குரல் சுத்தமாகப் போகவும் இந்த ஓட்டம் போதும்.

இதையே 'கொஞ்சம் பவர் கூட வரட்டும்' என்று 100 மில்லி ஆம்ப் வைத்தால்? 80 வாட். ஒரு வால்வுக்கு 40 வாட். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது. பவரும் கூடாது. ஏனென்றால் வெளியே போகும் பவரைத் தீர்மானிப்பது பேசும்போது ஓடும் மின்னோட்டம், சும்மா இருக்கும்போது ஓடுவது அல்ல. 20 மில்லி ஆம்ப்புக்கு இறக்கினால் வெறும் 16 வாட், வால்வு ஜில்லென்று இருக்கும். ஆனால் பேண்டில் இருக்கும் மற்றவர்கள் திட்டுவார்கள்.

எப்படி செட் செய்கிறார்கள்?

ஒவ்வொரு செட்டுக்கும் கையேடு சொல்வதுதான் வேதம். பொதுவான வரிசை இது:

1. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 'டம்மி லோடு' எனப்படும் 50 ஓம் சுமையை மாட்டுவது. சோதனை சிக்னல் காற்றில் போகக் கூடாது.

2. செட்டைப் போட்டு 10 நிமிஷமாவது சூடேற விடுவது. குளிர்ந்த வால்வில் பார்க்கும் அளவு நிலைக்காது.

3. எஸ்.எஸ்.பி. நிலையில் வைத்து, மைக் கெயினைப் பூஜ்யத்துக்குக் குறைப்பது. எந்த சிக்னலும் உள்ளே போகக் கூடாது.

4. மீட்டரைப் பிளேட் கரண்ட் நிலைக்கு மாற்றி, டிரான்ஸ்மிட் செய்து, சில நொடிகளில் அளவைப் பார்ப்பது.

5. கையேடு சொன்ன அளவு வரும்வரை பயாஸ் திருகை மெல்லத் திருப்புவது. பிறகு சில நிமிஷம் கழித்து மறுபடி சரிபார்ப்பது.

மீட்டர் இல்லாத, கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயராக இருந்தால், கேத்தோடு வழியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடுவார்கள். அதில் 0.3 வோல்ட் காட்டினால் 30 மில்லி ஆம்ப் ஓடுகிறது என்று அர்த்தம். உயர் வோல்டேஜ் பக்கம் மீட்டரைக் கொண்டுபோகாமல் அளக்க இது ஒரு வழி.

செட் செய்த அளவு நிற்காமல் தானாக ஏறிக்கொண்டே போனால் திருகைத் திருப்பிப் பயனில்லை. வால்வுக்குள் காற்று கசிந்திருக்கலாம். அல்லது முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, பாசிட்டிவ் வோல்டேஜை கிரிட்டுக்கு விடலாம். பழைய செட்டுகளில் இந்தக் கெபாசிட்டர்தான் முதல் சந்தேக நபர். அதேபோல் வால்வை மாற்றினால் பயாஸையும் மறுபடி வைத்தே ஆக வேண்டும். ஒரே எண் கொண்ட இரண்டு வால்வுகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் ஜோடியாகப் போடும் இடத்தில் குணம் ஒத்துப்போகும் வால்வுகளையே தேர்ந்தெடுப்பார்கள்.

கரண்ட் ஏறி இறங்கினால் பயாஸ் மாறுமா?

மாறும். "மோட்டார் போட்டாச்சுங்களா, லைட்டு மங்குதுங்களே" என்பது கொங்கு கிராமங்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல பம்பு செட் ஓடினால் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். எல்லாம் நின்றதும் ஏறும்.

230 வோல்ட் 10 சதவீதம் ஏறி 253 ஆனால், 800 வோல்ட் பிளேட் சப்ளை 880 ஆகும். 6.3 வோல்ட் ஹீட்டர் 6.93-க்குப் போகும். 10 சதவீதம் இறங்கினால் ஹீட்டருக்கு 5.67 வோல்ட்தான் கிடைக்கும், கேத்தோடு சரியாகச் சூடாகாது, எலக்ட்ரான் வரத்து குறையும்.

பயாஸ் சப்ளையும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தால், பிளேட் வோல்டேஜ் ஏறும்போது நெகட்டிவ் வோல்டேஜும் சேர்ந்து ஏறி ஓரளவு ஈடுகட்டும். பயாஸை மட்டும் ஜீனரால் கட்டிப்போட்டு, ஸ்கிரீன் சப்ளையைக் கட்டாமல் விட்டால் அந்த ஈடு கிடைக்காது, ஐடில் கரண்ட் எகிறும். நல்ல ஸ்டெபிலைசர் வைப்பதும், வழக்கமாகப் பேசும் நேரத்து வோல்டேஜில் பயாஸை வைப்பதும் இதற்காகத்தான்.

எவ்வளவு ஆபத்து இது?

வால்வு செட்டின் மூடியைத் திறப்பது டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறப்பது போல அல்ல. 800 வோல்ட் முதல் 3,000 வோல்ட் வரை உள்ளே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும்.

3,000 வோல்ட்டில் 30 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று தேக்கி வைக்கும் சக்தி 135 ஜூல். மருத்துவமனையில் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி ஒருமுறை கொடுப்பதும் சுமார் 120 முதல் 200 ஜூல்தான். ஓடும் இதயத்தை நிறுத்த இது போதும்.

எனவே அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் விதிகள்:

பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறப்பதில்லை. சார்ஜை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டரை நம்பி இருப்பதில்லை, அதுவே அறுந்துபோயிருக்கலாம்.

காப்பிட்ட கைப்பிடி கொண்ட டிஸ்சார்ஜ் குச்சியால் ஒவ்வொரு கெபாசிட்டரையும் எர்த் செய்து, மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைக்கிறார்கள்.

செட் ஓடும்போது திருகைத் திருப்ப நேர்ந்தால் பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவர். ஒரு கை மட்டும்தான் வேலை செய்யும், இன்னொரு கை பாக்கெட்டில். மோதிரம், செயின், வாட்ச் கிடையாது. பக்கத்தில் மெயினை நிறுத்தத் தெரிந்த இன்னொரு ஆள் இருக்க வேண்டும்.

"ஒரு தடவை தொட்டுத்தான் பார்ப்போமே" என்று நினைப்பவர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஹாம் ரேடியோவுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். மின்னணுவியல் அடிப்படைகளும் வானொலி விதிமுறைகளும் கேட்கப்படும். உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது குற்றம்.

ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வி.யு.3 என்றும் ஜெனரல் கிரேடுக்கு வி.யு.2 என்றும் தொடங்கும் அழைப்புக் குறியீடு கிடைக்கும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அதிகபட்சம் 50 வாட், ஜெனரலுக்கு 400 வாட். அதாவது, 'வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் ஆயிரம் வாட் தரும்' என்பதற்காக அதை முழு சக்தியில் இங்கே ஓட்ட முடியாது. மறைந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் வி.யு.2 ஆர்.ஜி. என்ற குறியீட்டோடு இந்த உரிமம் வைத்திருந்தவர்தான்.

ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

2004 டிசம்பர் 26. சுனாமி அந்தமானைத் தாக்கியபோது போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு இருந்தது. பாரதி பிரசாத் தலைமையில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் ஏற்பாட்டில், உலக ஹாம்களோடு பேசுவதற்காக அங்கே போயிருந்த குழு அது. தொலைபேசி செயலிழந்த நேரத்தில் தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தது அந்தக் குழுவின் வானொலிதான்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரே பேண்டில் பல ஊர்களிலிருந்து வலுவில்லாத சிக்னல்கள் வந்துகொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் 10 வாட் செட் ஒன்றிலிருந்து யாரோ உதவி கேட்கலாம். பக்கத்தில் ஒருவர் பயாஸ் சரியில்லாத ஆம்ப்ளிஃபயரை முழு சக்தியில் போட்டுப் பேசினால், அந்தக் குரல் அதில் மூழ்கிப்போகும். பேசுபவருக்கு அது தெரியவே தெரியாது. தன் செட்டின் குறை தன் காதுக்குக் கேட்காது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சுத்தமான சிக்னல் என்பது இங்கே அழகுக்காக அல்ல, அடுத்தவருக்கு வழி விடுவதற்காக.

டிரான்சிஸ்டர் வந்த பிறகும் பயாஸ் தேவையா?

தேவை. வால்வு போனாலும் பயாஸ் போகவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்து, உலகம் முழுக்க ஹாம்கள் கட்டும் பிட்எக்ஸ் வகை செட்டுகளிலும் கடைசி டிரான்சிஸ்டருக்கு ஐடில் கரண்ட் வைக்க ஒரு குட்டி பாட் இருக்கிறது. இன்றைய பெரிய ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர்களுக்கும் அதே கணக்குதான். ஒரு வித்தியாசம்: டிரான்சிஸ்டர் சூடாக ஆக மின்னோட்டத்தைக் கூடுதலாக விடும், அதனால் சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்கும் அமைப்பும் வேண்டும். வால்வு இந்த விஷயத்தில் பொறுமைசாலி. ஆன்டெனாவில் கோளாறு வந்தாலும் கொஞ்ச நேரம் சிவந்து எச்சரிக்கும். டிரான்சிஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வால்வை இன்னும் சிலர் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் பழைய வால்வு செட் இருந்தால்?

தாத்தாவின் பெட்டி பரணில் கிடக்கிறது என்றால், முதலில் செய்யக் கூடாதது ஒன்று: நேராக பிளக்கில் சொருகிப் பார்ப்பது. பல வருஷம் ஓடாத செட்டில் கெபாசிட்டர்கள் கெட்டிருக்கும். பயாஸ் கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால், போட்ட ஒரு நிமிஷத்தில் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகலாம். மாற்று வால்வு இன்று எளிதாகக் கிடைக்காது.

டிரான்ஸ்மிட்டர் என்றால் உரிமம் உள்ள ஹாம் ஒருவரிடம் காட்டுவது நல்லது. அவர் முதலில் கெபாசிட்டர்களைச் சோதிப்பார். பிறகு வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். பிளேட் சப்ளையைக் கொடுப்பதற்கு முன், கிரிட்டில் நெகட்டிவ் வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். அது வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.